தூங்கி எழுந்தால் நெட் இல்லை

"மூடி வெச்சிட்டுத் திறந்தா நெட்டு வரமாட்டேங்குதுங்கண்ணா. ரீஸ்டார்ட் போட்டா வந்துருதுங்க."

கோவை போத்தனூரில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கும் எனக்கு இது பழகிப்போன வாக்கியம். டிஸ்பிளே உடைந்தது, கீபோர்டில் டீ கொட்டியது, சார்ஜ் ஏறவில்லை என்று வரும் வேலைகளைக் கண்ணால் பார்த்துவிடலாம். இது அப்படியில்லை. கடையில் திறந்து காட்டும்போது நெட் நன்றாகவே ஓடும். கொண்டுவந்தவருக்கு முகம் சுண்டிப்போகும். "வீட்டுல வராதுங்க, சத்தியமா வராதுங்க" என்பார். வராது என்று எனக்கும் தெரியும். கடைக்கு வருவதற்குள் அந்த லேப்டாப் வேறு இடத்தில், வேறு ரவுட்டரில், புதிதாக ஒருமுறை ஆன் ஆகியிருக்கிறது. பழுதுக்கு வேண்டிய சூழ்நிலையே இங்கே இல்லை.

இதற்கு எங்கள் தொழிலில் சுலபமான பதில்கள் இரண்டு உண்டு. "ஓஎஸ் அடிச்சுரலாங்க" என்பது ஒன்று. இருநூறு முந்நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்றைச் செருகிக் கொடுத்து அனுப்பிவிடுவது இன்னொன்று. இரண்டின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஓஎஸ் அடித்தால் டாலி டேட்டா, பிள்ளைகளின் புராஜெக்ட், கல்யாண போட்டோ எல்லாவற்றையும் எடுத்து வைத்துத் திரும்பப் போட வேண்டும். அதில் ஒரு ஃபோல்டர் விட்டுப்போனாலும் போனதுதான். அத்தனையும் செய்த பிறகு வைஃபை கார்டை இயக்கும் அதே டிரைவர் திரும்ப வந்து உட்கார்ந்தால் பழுதும் கூடவே வந்து உட்காரும். டாங்கிளும் அதே கதைதான். யூஎஸ்பி போர்ட்டுக்கும் சும்மா இருக்கும்போது கரண்டை நிறுத்தும் ஏற்பாடு விண்டோஸில் இருக்கிறது. உள்ளே இருக்கும் கார்டுக்கு வந்த வியாதி டாங்கிளுக்கும் வரும்.

ஸ்லீப் என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்றொரு விதிமுறையை வெளியிட்டன. கணினியின் எந்தப் பாகத்துக்கு எப்போது கரண்டைக் குறைப்பது, எப்போது திரும்பக் கொடுப்பது என்பதை ஓஎஸ்ஸே தீர்மானிக்கட்டும் என்பது அதன் அடிப்படை. அதில் எஸ்3 என்று சொல்லப்படும் நிலைதான் நாம் பல காலமாக ஸ்லீப் என்று அறிந்தது. ரேமுக்கு மட்டும் கரண்ட் போய்க்கொண்டிருக்கும். பிராசசர், திரை, ஹார்டு டிஸ்க், வைஃபை கார்டு என்று மற்றதெல்லாம் ஏறக்குறைய அணைந்துவிடும். திறந்தவுடன் விட்ட இடத்திலிருந்து தொடர முடிவது ரேமில் எல்லாம் அப்படியே இருப்பதால்தான்.

சிக்கலும் அங்கேதான். ரேமில் இருப்பது மூடிய நேரத்து நிலவரம். 'நான் இந்த வைஃபையில் இருக்கிறேன், என் ஐபி முகவரி இது, கார்டு தயாராக இருக்கிறது' என்று விண்டோஸ் நினைத்துக்கொண்டு எழுகிறது. ஆனால் கார்டுக்குக் கரண்ட் போனபோதே அதற்குள் ஏற்றியிருந்த ஃபர்ம்வேர் என்ற உள்மென்பொருள் அழிந்துவிட்டது. ரவுட்டர் இடையில் ஒருமுறை அணைந்து எரிந்திருக்கலாம். முகவரியை வேறு யாருக்காவது கொடுத்திருக்கலாம். எழுந்தவுடன் இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும். நன்றாக எழுதப்பட்ட டிரைவர் அதைச் செய்யும். சரியாக எழுதப்படாத டிரைவர் பழைய நினைப்பிலேயே நின்றுவிடும்.

இதை எனக்கு வேறொரு கோணத்திலிருந்து விளக்கியவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். போத்தனூர் 1862-லேயே ரயில் பார்த்த ஊர். தெற்கு ரயில்வேயின் சிக்னல், தொலைத்தொடர்புப் பணிமனை இங்கேதான் இருக்கிறது. ரயில்வே காலனிப் பக்கம் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் ரிலேயைப் பற்றி நாலு வார்த்தை சொல்லத் தெரிந்த ஒருவர் இருப்பார். பேத்தியின் லேப்டாப்பைக் கொண்டுவந்தவர் நான் சொன்ன விளக்கத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, "சிக்னல் ரிலேக்குக் கரண்ட் போச்சுன்னா ஆர்மேச்சர் தன் கனத்துலயே கீழ விழுந்துரும் கண்ணு. விழுந்தா சிக்னல் செகப்பு. மறுபடி எல்லாம் சரியா இருக்குன்னு தெரிஞ்சாத்தான் பச்ச. உங்க பொட்டிக்குக் கரண்ட் போனா எந்த நிலைக்கு விழோணும்னு எவனாச்சும் யோசிச்சிருக்கானா?" என்றார்.

அந்தக் கேள்வியை நான் விடவேயில்லை. இன்றைக்கும் இந்தப் பழுதோடு எந்த லேப்டாப் வந்தாலும் முதலில் தேடுவது அதைத்தான்: பழைய நிலவரத்தை நம்பிக்கொண்டு நிற்பது யார்? கார்டா, டிரைவரா, விண்டோஸா, ரவுட்டரா? கண்டுபிடித்து, அதை மட்டும் மறக்க வைத்துவிட்டால் போதும். மற்றவற்றைத் தொடவே வேண்டாம்.

சுந்தராபுரத்தில் கணக்கு எழுதும் ஒருவரின் லேப்டாப்பை இதற்கு உதாரணமாகச் சொல்ல வேண்டும். குறிச்சி சிட்கோவில் லேத் பட்டறை, சின்ன ஃபவுண்டரி வைத்திருப்பவர்களுக்கெல்லாம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவர். மாதம் 20-ஆம் தேதி நெருங்கினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. மதியம் லேப்டாப்பை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து திறந்தால் நெட் இருக்காது. வைஃபை குறியில் மஞ்சள் முக்கோணம். அதே நேரம் போனில் அதே வைஃபை நன்றாக ஓடும். சில நாள் ரீஸ்டார்ட் போட்டால் வரும், சில நாள் வராது. ஏற்கெனவே வேறு ஒரு கடையில் ஓஎஸ் மாற்றிவிட்டார்கள், ஒரு டாங்கிளும் செருகியாகிவிட்டது. பழுது மட்டும் போகவில்லை.

எனக்கு உறுத்தியது அந்த 'சில நாள் வராது'தான். ரீஸ்டார்ட்டில் கார்டும் டிரைவரும் முழுக்கப் புதிதாகத் தொடங்கிவிடும். அப்படியும் வராவிட்டால் குற்றம் லேப்டாப்புக்கு வெளியே இருக்க வேண்டும். கடையில் வைத்துப் பார்த்துப் பயனில்லை என்று அவருடைய ஆபீசுக்கே மதிய நேரத்தில் போய் உட்கார்ந்தேன். நெட் போன சமயத்தில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபி முகவரியைக் கேட்டேன். 169.254 என்று தொடங்கும் ஓர் எண் வந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முறையான முகவரி கிடைக்காதபோது லேப்டாப் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் முகவரி அது. வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் கொடுப்பது 192.168 என்று தொடங்கும்.

ஆக, கார்டு நன்றாக எழுந்துவிட்டது. வைஃபையிலும் சேர்ந்துவிட்டது. முகவரி மட்டும் இல்லை. செட்டிங்கைத் திறந்தால் காரணம் தெரிந்தது. முன்பு ஒருமுறை டாலியைப் பக்கத்து மேஜைக் கணினியிலும் பார்க்க வேண்டும் என்பதற்காக, யாரோ இந்த லேப்டாப்புக்கு 192.168.1.5 என்று நிலையான முகவரியைக் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். ஓஎஸ் மாற்றிய கடைக்காரரும் பழைய செட்டிங்கைக் குறித்து வைத்து அப்படியே போட்டுக் கொடுத்திருக்கிறார். இது ரவுட்டருக்குத் தெரியாது. அது தன் கையிருப்பிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கும். லேப்டாப் விழித்திருக்கும்போது 5-ஆம் எண்ணை ரவுட்டர் கூப்பிட்டுப் பார்த்தால் பதில் வரும். யாரோ இருக்கிறார்கள் என்று அதை விட்டுவிடும். மூடியிருக்கும்போது கூப்பிட்டால் பதில் வராது. அந்த நேரம் பார்த்துச் சாப்பாடு முடிந்து வந்த உதவியாளர் பையனின் போன் வைஃபையில் சேர்கிறது. 5-ஆம் எண் அவனுக்குப் போய்விடுகிறது. பிறகு லேப்டாப் எழுந்து 'என் முகவரி இது' என்கிறது. ஏற்கெனவே ஒருவர் இருப்பதைப் பார்த்து விண்டோஸ் ஒதுங்கிக்கொள்கிறது. பையன் டீக்குப் போன நாளில் நெட் வரும், உள்ளேயே இருந்த நாளில் வராது.

தானாக முகவரி வாங்கிக்கொள்ளும்படி லேப்டாப்பை மாற்றினேன். ரவுட்டருக்குள் போய், இந்த லேப்டாப்பின் வைஃபைக்கு எப்போதும் இந்த எண்தான் என்று ஒதுக்கி வைத்தேன். டாலியும் ஓடியது, நெட்டும் நிலைத்தது. டாங்கிளைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். "இதுக்குப் போயி எத்தன கம்பெனிக்காரங்ககிட்டப் பேச்சு வாங்கினேனுங்க" என்று அவர் சொன்னபோது, தேதி தவறினால் விழும் அபராதமும் அந்தச் சின்னப் பட்டறைக்காரர்களின் முகமும்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

டிரைவர் சம்பந்தப்பட்டது என்றால் வேலை இவ்வளவு நீளாது. டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் பெயர்மேல் மஞ்சள் ஆச்சரியக்குறி நிற்கும். திறந்தால் கோட் 10 என்றோ கோட் 43 என்றோ காட்டும். அந்தப் பெயரை டிஸேபிள் செய்து மறுபடி எனேபிள் செய்தவுடன் நெட் வந்துவிட்டால், கார்டு நல்லது, அதை எழுப்பும் முறைதான் சரியில்லை என்று அர்த்தம். பவர் மேனேஜ்மென்ட் என்ற பக்கத்தில், கரண்டை மிச்சம் பிடிக்க இந்தக் கார்டைக் கணினி அணைத்துக்கொள்ளலாம் என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுவேன். பிறகு லேப்டாப் கம்பெனியின் தளத்துக்குப் போய், அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் போட்டு, அவர்கள் கொடுக்கும் டிரைவரை ஏற்றுவேன். விண்டோஸ் அப்டேட் தானாகக் கொண்டுவந்து போட்டது புதிதாக இருக்கலாம், ஆனால் அந்த மாடலின் பயாஸோடு ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. அப்டேட்டுக்குப் பிறகுதான் பழுது வந்தது என்றால், டிரைவரை முந்தைய பதிப்புக்குத் திருப்பும் பொத்தான் அங்கேயே இருக்கிறது.

இன்னொன்றையும் வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன். "அமத்தி அமத்திப் போட்டுப் பாத்துட்டனுங்க, சரியாகல" என்பார்கள். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியால், விண்டோஸ் தன் உட்கருவையும் டிரைவர்களின் நிலையையும் டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு அணைகிறது. ஆன் செய்ததும் அதையே எடுத்துப் பரப்பிக்கொள்கிறது. கெட்டுப்போன நிலவரமும் அப்படியே திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து தொடங்கும். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தாலும் சரி.

கார்டு டிவைஸ் மேனேஜரிலிருந்தே காணாமல் போயிருந்தால் சார்ஜரைக் கழற்றி, பேட்டரி வெளியே வரும் மாடலானால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடிப்பேன். போர்டில் தங்கியிருக்கும் மிச்ச கரண்ட் இறங்கியதும் பல கார்டுகள் திரும்பி வந்துவிடும். பேட்டரி உள்ளேயே இருந்தால் அடித்தகட்டைத் திறந்து கனெக்டரைப் பிடுங்க வேண்டும். திறந்தபிறகு சும்மா மூடக் கூடாது. வைஃபை கார்டு என்பது இரண்டு விரல் அகலம்கூட இல்லாத சின்னப் பலகை. ஒரு ஸ்குரூவில் நிற்கும். தலையில் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஆன்டெனா ஒயர்கள் வட்டமான பித்தளைப் பொட்டுகளில் அமர்ந்திருக்கும். மறுமுனையில் தங்கநிறப் பற்கள். சிட்கோ பட்டறைகளில் ஓடும் லேப்டாப்களில் அந்தப் பற்களின்மேல் கிரீஸும் இரும்புத் தூளும் சேர்ந்து கறுப்பாகப் படிந்திருக்கும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும்போது அந்தப் படிவு இன்னும் மோசம். ஓடிக்கொண்டிருக்கும் கார்டு சூட்டிலேயே சமாளித்துவிடும். தூங்கிக் குளிர்ந்து எழும்போதுதான் தொடர்பு விட்டுப்போகும். பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் பற்களை மெதுவாகத் தேய்த்து, ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) நனைத்த துணியால் துடைத்து, ஆன்டெனா பொட்டுகளை 'டிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி உட்கார வைத்தால் போதும். ஆன்டெனா ஒயரை மட்டும் இழுக்கவே கூடாது. ஒயர் திரைக்குப் பின்னால் மேலே வரை போகிறது. அறுந்தால் திரையையே பிரிக்க வேண்டிவரும்.

2020 ஊரடங்கில் இந்தப் பழுது வேறு வேஷத்தில் வந்தது. சரவணம்பட்டி, விளாங்குறிச்சி ஐடி கம்பெனிகளில் வேலை பார்த்த பிள்ளைகள் கம்பெனி லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தார்கள். மூடித் திறந்தால் வைஃபை இருக்கும், ஒரு பக்கமும் திறக்காது. கம்பெனியின் விபிஎன் அறுந்திருக்கும். ஆனால் பெயரைச் சொன்னால் முகவரி தரும் டிஎன்எஸ் வேலையை ஆபீஸ் சர்வரிடமே கேட்டுக்கொண்டிருக்கும். கேள்வி போய்ச் சேர வழியில்லாததால் பதிலும் வராது. அட்மின் கடவுச்சொல் கம்பெனியிடம் இருக்கும். நான் கைவைக்க முடியாது, வைக்கவும் கூடாது. மூடுவதற்கு முன் விபிஎன்னைத் துண்டித்துவிடுங்கள் என்று சொல்லி, காசு வாங்காமல் அனுப்புவேன்.

மனதுக்கு நிறைவாக இருந்தது ஒரு கல்லூரி மாணவியின் லேப்டாப்தான். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வாங்கியது. எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் வீட்டுக்குள் வந்த முதல் கணினியே அதுதான். தறி ஓட்டுகிறவர் வீட்டிலும் ரயில்வே கலாசி வீட்டிலும் அதை மஞ்சள் குங்குமம் வைத்துத்தான் திறந்தார்கள். விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் சேர்ந்தே வந்தது. விண்டோஸ் கனத்துப்போனதால் இந்தப் பெண் தானாகவே உபுண்டு போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை மூடித் திறந்தாலும் வைஃபை இல்லை.

"புதுசு வாங்கச் சொல்லீருவீங்களான்னு பயந்துட்டே வந்தனுங்கண்ணா" என்றாள்.

"அதெல்லாம் வேண்டாம் அம்மிணி, உக்காரு, சேந்தே பாக்கலாம்" என்று டெர்மினலைத் திறக்கச் சொன்னேன். ஆர்எஃப்கில் என்ற கட்டளையில் கார்டு பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. கெர்னல் எழுதி வைக்கும் குறிப்பைத் திறந்தோம். எழுந்த நொடியிலேயே, கார்டுக்குள் ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை என்ற வரி வரிசையாக வந்துகொண்டிருந்தது. மோட்புரோப் கட்டளையால் அந்த டிரைவரை வெளியே எடுத்து மறுபடி உள்ளே விட்டதும் வைஃபை வந்துவிட்டது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப தூங்கறதுக்கு முன்னாடியே இதக் கழட்டி விட்டுட்டா, எந்திரிச்சதும் புதுசா மாட்டிக்குமில்லீங்ளா?" என்றாள்.

அதேதான். சிஸ்டம்டி என்ற அமைப்பில் இதற்கென்றே ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டை வைத்துவிட்டால், தூங்கப் போகும்போது 'ப்ரீ' என்றும் எழுந்ததும் 'போஸ்ட்' என்றும் சொல்லி லினக்ஸ் அதை ஓட்டும். ப்ரீ என்றால் டிரைவரை எடு, போஸ்ட் என்றால் போடு. நான் வாயால் சொல்லச் சொல்ல அவளே எழுதினாள், ஓடும் அனுமதியையும் அவளே கொடுத்தாள். மூடித் திறந்து காட்டியபோது நெட் அப்படியே இருந்தது. ஒரு ரூபாய்க்குக்கூடப் பாகம் மாற்றவில்லை. பெரியவர் கேட்ட கேள்விக்கு அந்தப் பெண் எழுதிய சில வரிகள்தான் சரியான விடை என்று எனக்குப் பட்டது.

புதிய லேப்டாப்களில் நிலைமை மாறிவருகிறது. பலவற்றில் எஸ்3 தூக்கமே கிடையாது. மாடர்ன் ஸ்டாண்ட்பை என்று, போனைப்போல் திரை அணைந்தாலும் உள்ளே கொஞ்சம் விழித்திருக்கும் முறை வந்திருக்கிறது. கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி என்று அடித்து ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு, ஏ என்று கொடுத்தால் நம் லேப்டாப்பில் எந்த வகைத் தூக்கம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். மாடர்ன் ஸ்டாண்ட்பை உள்ளவற்றில் நான் மேலே சொன்ன டிக் இருக்கும் பக்கமே பெரும்பாலும் காணப்படாது. அவற்றுக்கு பயாஸ் அப்டேட்டும் சரியான டிரைவரும்தான் முதல் மருந்து. அப்படியும் அடங்காவிட்டால், மூடியை மூடும்போது ஸ்லீப்புக்குப் பதில் ஹைபர்னேட் போகும்படி வைத்துக் கொடுக்கிறேன். எழ இன்னும் சில நொடிகள் ஆகும், ஆனால் பேட்டரியும் இறங்காது. விண்டோஸ் 10, 11-இல் வைஃபை அறிக்கை ஒன்றையும் எடுக்க முடிகிறது. கடந்த மூன்று நாளில் எப்போது இணைந்தது, எப்போது விட்டது, ஏன் விட்டது என்று நேரத்தோடு வரும். வாடிக்கையாளர் சொல்வதை அதோடு பொருத்திப் பார்த்தால் பல சமயம் பெட்டியைத் திறக்கவே வேண்டியிருக்காது.

சரிசெய்த லேப்டாப்பை அன்றைக்கே கொடுப்பதில்லை. ஐந்து நிமிடத் தூக்கத்தில் தெரியாத பழுது ராத்திரித் தூக்கத்தில் தெரியும். இரவு மூடி வைத்து, கடையின் ரவுட்டரையும் ஒருமுறை அணைத்துப் போட்டு, காலையில் திறந்து பார்த்த பிறகுதான் போன் செய்வேன். பில்லில் 'நெட் சரிசெய்தது' என்று மொட்டையாக எழுதுவதும் இல்லை. எந்த டிரைவர், எந்தப் பதிப்பு, எந்த டிக்கை எடுத்தேன், ரவுட்டரில் எந்த எண்ணை ஒதுக்கினேன் என்று தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். அடுத்த விண்டோஸ் அப்டேட் அதையெல்லாம் திருப்பி வைத்துவிட்டால், செட்டிபாளையத்திலிருந்தும் மலுமிச்சம்பட்டியிலிருந்தும் அவர்கள் மறுபடி பஸ் ஏறி வரவேண்டியதில்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு போனில் கூப்பிட்டால் போதும்.